இன்னர் வீல்ல புதுசா சேந்திருக்கீங்களா? சீனியர்ஸ்கிட்ட இப்படிக் கேட்டுப் பாருங்க

ஜூலை 1 ஆனா போதும், பெண்கள் சேவை அமைப்பான இன்னர் வீல் கிளப்ல பிரசிடென்ட் செக்ரட்டரி டிரஷரர்னு ஆளுங்க மாறிடுவாங்க. வர்ற ஒவ்வொருத்தரும் "என் வருஷத்துல இதப் பண்ணணும்"னு புதுசா ஆரம்பிப்பாங்க, போன வருஷம் எங்க சிக்குச்சுன்னு யாரும் எழுதி வச்சிருக்க மாட்டாங்க. மினிட்ஸ் புக்கத் தொறந்தா "கண் சிகிச்சை முகாம் சிறப்பாக நடைபெற்றது"னு ஒரே வரி. 1924ல மான்செஸ்டர்ல மார்கரெட் கோல்டிங் ஆரம்பிச்ச அமைப்பு இது, ஆனா உங்க ஊர்ல வேலை எப்படி நடக்கும்ங்கற கதை ரொம்ப நாளா இருக்கற அந்த நாலு அக்காங்க மண்டைக்குள்ளதான் இருக்கு.

முதல்ல யார்கிட்ட கேக்கறதுன்னு பாருங்க. பாஸ்ட் பிரசிடென்ட் எல்லாரும் ஞாபகம் வச்சிருப்பாங்கன்னு இல்ல, மேடையில உக்காந்தவங்களவிட சாப்பாட்டு டோக்கன் குடுத்தவங்க, பில்லுக்கு அலைஞ்சவங்களுக்குத்தான் நெறைய தெரியும். பழைய ஆல்பத்த எடுத்துட்டுப் போங்க, போட்டோ ஓரத்துல யாரு நிக்கறாங்கன்னு கேளுங்க, ஆள் கெடச்சிடும்.

"உங்க அனுபவத்தச் சொல்லுங்க ஆன்ட்டி"னு மட்டும் கேட்டுடாதீங்க, "எங்க காலத்துல"னு ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிடும் (கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா கேம்ப் அடுத்த வாரம்). பொருளக் காட்டிக் கேளுங்க. ஷாமியானா பில்லு, பழைய நோட்டீஸ், ரிஜிஸ்டர் நோட்டு ஏதாவது ஒண்ணு கையில இருந்தா பேச்சு தானா வேலைக்கு வந்துடும். போன் பண்றதா இருந்தா சமையல் முடிஞ்ச பதினோரு மணிக்கு மேல பண்ணுங்க, சீரியல் நேரத்துல வேணாம்.

எல்லாத்தவிட நல்லது, வேலை நடக்கறப்ப பக்கத்துல நிக்கறது. கண் முகாமையே எடுத்துக்கோங்க. டாக்டருங்கள ஆஸ்பத்திரி அனுப்பிடும், எடம் பிடிக்கறது விளம்பரம் பண்றது ஆளச் சேக்கறதெல்லாம் நம்ம வேலை. ரிஜிஸ்ட்ரேஷன் டேபிள்ல ஒரு சீனியர் உக்காந்திருந்தா கவனிங்க, வந்த பாட்டிகிட்ட பேர் வயசு கேட்டுட்டு நிறுத்த மாட்டாங்க, "ஆபரேஷன்னு சொன்னா கூட யாரும்மா வருவா, மருமக நம்பர் இருக்கா"னு கேட்டு அதையும் எழுதுவாங்க. ஆபரேஷன் இலவசம்னாலும் கூட வர ஆள் இல்ல, பயம், வீட்டுல ஆடு மாட்ட யாரு பாக்கறதுன்னு கடைசி நேரத்துல பஸ் ஏறாம நின்னுடறவங்க உண்டு, அவங்களுக்காகத்தான் அந்த நம்பர். நடவு, அறுவடை, ஊர்த் திருவிழா சமயத்துல தேதி வைக்காதீங்கன்னு சொல்றதும் இவங்கதான்.

ஸ்கூலுக்கு நாப்கின் குடுக்கப் போறீங்கன்னா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சீனியரக் கூட்டிட்டுப் போய் டாய்லெட்டப் பாத்துட்டு வாங்க. புதுயுகம் திட்டத்துல அரசாங்கமே நாப்கின் குடுக்குது, அது அந்த ஸ்கூலுக்கு ஒழுங்கா வருதான்னு ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட மொதல்ல கேக்கணும். வருதுன்னா அந்தப் பிள்ளைங்களுக்கு வேண்டியது தண்ணி, மூடி போட்ட குப்பை டப்பா, உள்ள தாழ்ப்பாளா இருக்கலாம். தாழ்ப்பாள் போட்டா போட்டோ நல்லா வராதுதான், பரவால்ல.

கணக்கப் பத்தி டிரஷரரா இருந்தவங்ககிட்ட தனியா உக்காந்து கேளுங்க. கிளப் செலவுக்கு வர்ற சந்தாவும் ப்ராஜெக்டுக்கு வர்ற நன்கொடையும் ஏன் தனித்தனி அக்கவுண்டுன்னு கேட்டு புரிஞ்சுக்கோங்க. உங்க கிளப் டிரஸ்ட்டுக்கு 80ஜி (நன்கொடை குடுக்கறவங்களுக்கு வருமான வரிச்சலுகை தர்ற பதிவு) இருந்தாலும், 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தவங்களுக்கு வரிச்சலுகை கிடைக்காது, பணம் வாங்கறதுக்கு முன்னாடியே அதச் சொல்லிடணும், ரசீது கேட்டு வந்து நிக்கறப்ப சொன்னா சண்டைதான்.

"அதெல்லாம் நாங்க பண்ணிப் பாத்தாச்சு, நடக்காது"ன்னும் சொல்லுவாங்க. எதுத்துப் பேசவும் வேணாம், அப்படியே விட்டுடவும் வேணாம். எந்த வருஷம், எங்க நின்னு போச்சுன்னு கேளுங்க. வீடு வீடா போய் பணம் வசூல் பண்ண ஆள் இல்லாம நின்னதுன்னா இப்ப ஜிபே இருக்கு, தாராளமா திரும்ப எடுக்கலாம். ஸ்கூல்ல பொறுப்பெடுக்க ஒரு டீச்சர் கூட முன்வரலன்னு நின்னதுன்னா இப்பவும் அதே கதைதான் ஆகும், என்னக் கேட்டா வேற ஸ்கூல் பாருங்க.

இதெல்லாம் ஜூன்ல பொறுப்பு கைமாறறப்ப கேட்டா நடக்காது, அப்ப எல்லாரும் ரிப்போர்ட் எழுதற அவசரத்துல இருப்பாங்க, ஏப்ரல்லயே ஆரம்பிச்சிடுங்க. பேசறத அவங்க சம்மதத்தோட போன்ல ரெக்கார்ட் பண்ணி, அன்னிக்கே நோட்டுல தேதி, ஆளு, நம்பர், ரேட்டுன்னு எழுதி செக்ரட்டரி ஃபைல்ல போட்டு வைங்க, வாட்ஸப் குரூப்ல போட்டா குட் மார்னிங் பூவுக்கு அடியில போயிடும்.