விலங்குப் புனைகதைகளில் பாத்திரப் படைப்பையும் கேனனையும் பற்றிக் கருத்து எழுதும் முறை

விலங்குகளே கதைமாந்தராக வரும் ஒரு மிகுபுனைவுத் தொடரில் ஏதோ ஒரு பாத்திரம் சரியாக எழுதப்படவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், கருத்தை எழுத உட்காருவதற்கு முன் நூலை எடுத்து, அந்தப் பாத்திரம் வரும் பக்கங்களை மட்டுமாவது மறுபடியும் படியுங்கள். நினைவை மட்டும் நம்பி எழுதும்போதுதான் தேவையற்ற சண்டைகள் பலவும் தொடங்குகின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஒரு போர்வீரப் பூனைக்கு இடது கண்ணின் மேல் தழும்பு உண்டு என்று நான் பல ஆண்டுகள் உறுதியாக நம்பியிருந்தேன். அந்தத் தழும்பு அவன் குணத்தை எவ்வாறு மாற்றியது என்று இரண்டு பக்கங்கள் எழுதியும் வைத்திருந்தேன். சரிபார்க்கப் போனபோது நூலில் எங்கும் அது இல்லை. யாரோ ஒரு ரசிகர் வரைந்த படத்திலிருந்து மற்ற படங்களுக்குப் பரவி, என் நினைவில் கதையின் ஒரு பகுதியாகவே அது பதிந்துவிட்டிருந்தது.

ஆகவே, நீங்கள் சொல்லப்போகும் ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து வந்தது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். நூலில் அச்சாகியிருப்பது கேனன். திருச்சபை ஏற்றுக்கொண்ட வேதநூல்களின் தொகுதியைக் குறித்த இச்சொல், ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்கள் வழியாகப் புனைகதை உலகுக்கு வந்தது. நூலுக்கு வெளியே, நேர்காணலிலோ வாசகர் கேள்விக்கான பதிலிலோ ஆசிரியர் சொல்வது இரண்டாவது அடுக்கு. ரசிகர்கள் தமக்குள் ஒப்புக்கொண்டு வழக்கமாக்கிக்கொண்டது மூன்றாவது. அதைத்தான் ஃபேனான் என்கிறோம். இரண்டாவது அடுக்குக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்பதில் ரசிகர்கள் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. என் நிலைப்பாடு இது: ஆசிரியர் வெளியே சொன்னது, நூலில் ஏற்கெனவே இருக்கும் ஒரு மௌனத்தை நிரப்புமானால் அதை ஏற்கலாம், நூலில் எழுதியிருப்பதை மறுக்குமானால் நூலின் பக்கமே நிற்க வேண்டும். உங்கள் நிலைப்பாடு வேறாக இருக்கலாம், ஆனால் அதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பலர் சேர்ந்து எழுதும் தொடர்களில் இந்தப் பிரிப்பு இன்னும் கடினமாகிறது. 2003இல் தொடங்கிய ‘வாரியர்ஸ்’ பூனைத் தொடரின் அட்டையில் எரின் ஹன்டர் என்ற ஒரே பெயர் இருந்தாலும், அது ஓர் எழுத்தாளர் குழுவின் புனைபெயர். அத்தொடரின் வெவ்வேறு நூல்களில் சில பூனைகளின் கண் நிறமும் உரோம நிறமும் மாறிவிடுவதை வாசகர்கள் நெடுநாளாகக் கவனித்து வருகிறார்கள். ஒரு நூலில் பச்சையாக இருந்த கண் அடுத்த நூலில் மஞ்சளாவது கவனப்பிசகு. அதை ஒரு வரியில் குறித்துவிட்டு மேலே செல்லலாம். ஆனால், நிதானமானவளாகவே காட்டப்பட்ட ஒருத்தி, இடையில் எந்த நிகழ்ச்சியும் நடக்காமலே முன்கோபியாக மாறியிருந்தால், அது பாத்திரப் படைப்பில் நேர்ந்த குறை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால், இரண்டாவது குறையின் கனம் வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

சில முரண்களுக்குத் தொடரின் வரலாறே விளக்கம் தரும். காட்டுச் சிறுவிலங்குகள் வாழும் ஒரு மடத்தைச் சுற்றி நடக்கும் ‘ரெட்வால்’ தொடரின், 1986இல் வெளிவந்த முதல் நூலில், மிரண்டோடும் ஒரு குதிரை இழுத்துச்செல்லும் வைக்கோல் வண்டியில் எலிப்படை ஒன்று வந்து சேர்கிறது. பெரிய விலங்குகளும் மனித அளவிலான பொருள்களும் உள்ள அந்த உலகம், தொடர் வளர வளரப் பின்னணியிலிருந்து விலகிவிடுகிறது. ஆசிரியர் தம் உலகின் எல்லையை இன்னும் தேடிக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது அது என்று கொண்டால், குதிரை எங்கே போனது என்று வாதிட வேண்டிய தேவை இருக்காது.

இனி, விலங்குப் புனைகதைக்கே உரிய கேள்விக்கு வருவோம். பாத்திரத்தில் விலங்கு எவ்வளவு, மனிதர் எவ்வளவு என்பதை அளக்காமல் அதன் செயலைச் சரி என்றோ தவறு என்றோ சொல்லிவிட முடியாது. 1972இல் வெளிவந்த ‘வாட்டர்ஷிப் டவுன்’ நாவலில் முயல்களுக்கு நான்குவரைதான் எண்ணத் தெரியும். அதற்கு மேற்பட்ட எதுவும் ‘ஹ்ரைர்’, அதாவது பல என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துப் படித்தால், எதிரிகளின் எண்ணிக்கையைத் தலைவன் சரியாகக் கணிக்காதது அவன் முட்டாள்தனம் என்று எழுதத் தோன்றாது. அதே நாவலில் ஆண் முயல்களே வளை தோண்டுவதைக் கண்டு, ஆசிரியருக்கு முயல்களைப் பற்றித் தெரியவில்லை என்று குறை கூறுவது எளிது. ஆனால் தோண்டுவது வழக்கமாகப் பெண் முயல்களின் வேலை என்பதைக் கதையே சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் பெண் முயல்கள் இல்லாததால் ஆண்கள் வழக்கத்தை மீற வேண்டியிருக்கிறது. அந்த மீறலிலிருந்துதான் அவர்கள் குணம் வெளிப்படுகிறது. பெண் முயல்கள் கதைக்குள் இவ்வளவு தாமதமாக, பெரும்பாலும் கூட்டத்தின் எதிர்காலத்துக்கான தேவையாகவே நுழைவது சரியா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க வாசகருக்கு முழு உரிமை உண்டு, நானும் கேட்பதுண்டு.

உயிரியலைச் சான்றாகக் கொண்டுவரும்போது, அந்த உயிரியல் இன்றும் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓநாய்க் கூட்டத்தில் ஆல்ஃபா எனப்படும் வலிய ஓநாய் ஒன்று சண்டையிட்டுத் தலைமையைப் பிடிக்கும் என்ற எண்ணம், விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் அடைப்பில் வைக்கப்பட்ட ஓநாய்களை ஆராய்ந்து 1947இல் எழுதியதிலிருந்து வேரூன்றியது. அதை 1970இல் தம் நூல்வழி பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், 1999இல் எழுதிய கட்டுரையில், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே என்று விளக்கினார். ஆகவே, ஒரு நாவலில் வயதான தந்தை ஓநாய் சண்டையின்றிக் கூட்டத்தை நடத்தினால், அது பலவீனமான பாத்திரம் என்று எழுதிவிடாதீர்கள்.

பூனை ரசிகர்கள் வம்சாவளி பற்றி வாதிடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பூனைக்கு அந்தக் குரோமோசோம் தாயிடமிருந்து மட்டுமே கிடைக்கும். எனவே, முழுக் கறுப்புத் தாய்க்கு ஆரஞ்சு நிற ஆண் குட்டி பிறந்ததாக நூல் சொன்னால், பெற்றோர் பற்றிய ரகசியம் ஒன்று இருக்கிறது என்று ஊகிப்பது அழகான ஊகம். ஆனால் அது ஊகம் மட்டுமே. எழுதியவர் மரபியலைப் பற்றி யோசிக்காமலே நிறத்தைத் தேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் பக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

எல்லாவற்றையும்விட நேரமெடுத்து எழுத வேண்டியது, இனத்தை வைத்தே குணத்தைத் தீர்மானிக்கும் கதைகளைப் பற்றித்தான். நரி என்றால் தந்திரம், எலி என்றால் வஞ்சகம் என்பது நீதிக்கதைக்குப் போதுமானது, ஏனென்றால் அங்கே பாத்திரம் ஒரு பாடத்துக்காகவே வருகிறது. ஆனால் பல நூறு பக்கங்கள் வளரும் நாவலில், கதையே இந்தக் கேள்வியைக் கையில் எடுக்கும்போது நாம் கூர்ந்து படிக்க வேண்டும். 1995இல் வெளியான ‘அவுட்காஸ்ட் ஆஃப் ரெட்வால்’ நூலில், வெய்ல் என்ற ஃபெரெட் (மரநாய் வகையைச் சேர்ந்த சிறு ஊனுண்ணி) குட்டியை ரெட்வால் மடத்தில் பிரையனி என்ற சுண்டெலி வளர்க்கிறாள். அவன் நஞ்சு வைத்ததற்காக வெளியேற்றப்படுகிறான். இறுதியில், அவளை நோக்கி அவன் தந்தையே எறிந்த ஈட்டியைத் தன் மேல் வாங்கி இறக்கிறான். அதன் பின்னும் அவன் கெட்டவன்தான் என்ற முடிவுக்கே பிரையனி வருகிறாள். இங்கே ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள்: அவள் சொல்வதே நூலின் தீர்ப்பு என்பவர்கள் ஒரு பக்கம், அவன் செயலே தீர்ப்பு என்பவர்கள் மறுபக்கம். அவன் இறந்தது கேனன். அவள் அப்படிச் சொன்னதும் கேனன். ஆனால் அவள் சொன்னது உண்மை என்பது கேனன் ஆகாது, அது ஒரு பாத்திரத்தின் கருத்து. என் வாசிப்பில் அந்த ஈட்டியின் முன் அவள் சொற்கள் நிற்கவில்லை; வளர்த்தவளே அவனை அப்படி மதிப்பிட்டது எனக்கு இன்றும் வலிக்கிறது. மறுபக்கத்தாருக்கும் பக்க ஆதாரம் உண்டு என்பதால், அவர்கள் காட்டும் இடங்களை என் கட்டுரையில் முதலில் வைத்த பிறகே என் பக்கத்தைச் சொல்வேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். உங்கள் வாதத்தில் எந்த இடம் மெலிந்திருக்கிறது என்பது எழுதும்போதே தெரிந்துவிடும்.

எழுதும்போது ‘இந்தப் பாத்திரம் வீணடிக்கப்பட்டது’ என்று நிறுத்திவிடாதீர்கள். எந்த அத்தியாயத்தில் அது எதை விரும்பியது, எந்த அத்தியாயத்தில் அந்த விருப்பம் காரணமின்றிக் கைவிடப்பட்டது என்று இரண்டு இடங்களையும் சுட்டினால், உங்களோடு உடன்படாதவரும் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். உங்கள் மனத்துக்குள் மட்டும் வாழும் முடிவுகளை, அதாவது ஹெட்கேனனை, எழுதத் தயங்க வேண்டியதில்லை. ‘நான் இப்படிக் கற்பனை செய்துகொள்கிறேன்’ என்று ஒரு சொற்றொடர் சேர்த்தால் போதும். கதையின் முடிவு வெளிப்படும் இடத்துக்கு முன் ஸ்பாய்லர் என்று குறிப்பிட்டு, எந்த நூல்வரை படித்தவர்கள் தொடரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு எவராவது நீங்கள் தவறவிட்ட ஒரு பக்கத்தைக் காட்டினால், கட்டுரையின் அந்த இடத்திலேயே திருத்தத்தைச் சேர்த்து, பழைய வரியையும் அழிக்காமல் விட்டுவையுங்கள்; உங்கள் கருத்து எந்தப் பக்கத்தைப் படித்தபோது மாறியது என்பதை அடுத்து வருபவர் அங்கே பார்த்துக்கொள்வார்.