மாரா மரமும் மூன்று பென்சில்களும்

மரம் வரையப் புதிதாக அமர்கிறவர்கள் இலையில் தொடங்கி, இலையிலேயே களைத்துப் போகிறார்கள். இலையை விடுங்கள். கொழும்பு 7 வீதிகளில் நிற்கும் ஒரு மாரா மரத்தை, தமிழ்நாட்டார் தூங்குமூஞ்சி என்பதைத் தேர்ந்தெடுங்கள். காலையிலேயே போங்கள். மாலையில் அது இலைகளை மடித்துக்கொண்டால் நிழலின் வடிவமே மாறிவிடும்.

எச்.பி., 2பி, 4பி பென்சில்கள், அழிறப்பர், சற்றுச் சொரசொரப்பான தாள் போதும். விலை கூடிய பெட்டி வீண் செலவு.

முதலில் தாளைக் குறுக்காக வையுங்கள். இந்த மரம் பெரும்பாலும் உயரத்தைவிட அகலம். எச்.பி.யால் அடிமரத்தின் சரிவையும் பெருங்கிளைகளையும் கவிகையின் (குடைபோல் விரிந்த இலைப்பரப்பின்) எல்லையையும் மெல்லிதாகக் குறியுங்கள்.

அடுத்து கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். இலைகள் மறைந்து வெளிச்சத் திட்டுகளும் நிழல் திட்டுகளும் மிஞ்சும். 2பி முனையைச் சாய்த்து நிழல்களை மட்டும் நிரப்புங்கள். இடையே வானம் தெரியும் துளைகளை மூடிவிடாதீர்கள்.

மூன்றாவது கருமை. இங்கேதான் பலர் எச்.பி.யையே அழுத்தித் தேய்க்கிறார்கள். பென்சிலின் உள்ளிருக்கும் காரீயம், அதாவது கிராபைட், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் காபன் படலங்கள். அழுத்தினால் தாளின் சொரசொரப்பு நசுங்கிப் பளபளப்புத்தான் வரும். கருமையைத் தீர்மானிப்பது உள்ளே கலந்த களிமண். இங்கிலாந்தின் பொரோடேல் சுரங்கத்தில் கிடைத்த தூய காரீயத்தை முன்பு அப்படியே அறுத்துப் பயன்படுத்தினார்கள். போரால் அது பிரான்சுக்குக் கிடைக்காமற் போகவே, நிக்கோலா-ஜாக் கோன்டே 1795இல் காரீயத் தூளைக் களிமண்ணுடன் பிசைந்து சுட்டுக் காட்டினார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் கருமை. ஆகவே களிமண் குறைந்த 4பியை எடுத்து, கிளைகளின் அடிப்பக்கத்தில் மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள்.

நம் இலங்கைக் காரீயத்தையும் சொல்லாமல் விட முடியாது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் அது பாறைப் பிளவுகளில் நரம்பாக ஓடுகிறது. ஒரு காலத்தில் கொழும்புக் கொட்டகைகளில் பெண்கள் அதைத் தரம் பிரிக்க, துறைமுகம் வழியே கப்பலேறியது. பென்சிலுக்குப் போனதைவிட உலோகம் உருக்கும் மூசைகளுக்குப் போனதே அதிகம். முதற்பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் தந்தை பெருஞ்செல்வம் சேர்த்ததும் காரீயத்தில்தான்.

கடைசியாக, அழிறப்பரின் கூரிய விளிம்பால் கவிகையின் ஓரத்தில் வெளிச்சத்தைக் கிள்ளி எடுங்கள். இலை இலையாகத் தெரிய வேண்டிய இடம் அந்த ஓரம் மட்டுமே. கொழும்பு வெக்கையில் கை வியர்க்கும். உள்ளங்கையின் கீழ் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் நிழலெல்லாம் சட்டைக் கைக்கு வந்துவிடும்.