கோல்ஃப்ல ஹிட்டிங்கா ஸ்விங்கிங்கா? ரெண்டையும் பிரிச்சுப் பழகுற முறை

ஒரு கோச் வலது கையால நல்லா அடின்னு சொல்வார், இன்னொருத்தர் வலது கைய மறந்துடு இடது கை இழுக்கட்டும்னு சொல்வார். ரெண்டுமே சரிதாங்க, ஆனா ரெண்டையும் ஒரே ஷாட்ல கலந்தா வேலைக்கு ஆகாது. இத தெளிவா பிரிச்சு வெச்சவர் ஹோமர் கெல்லி, 1969ல வந்த தி கோல்ஃபிங் மெஷின் புத்தகத்துல. மடங்கியிருக்கிற வலது கை நீண்டு கிளப்பை (அடிக்கிற மட்டையை) தள்ளுச்சுன்னா ஹிட்டிங். உடம்பு திரும்புற வேகத்துல இடது கை இழுபட்டு கிளப்ஹெட் (பந்தை அடிக்கிற கிளப்போட தலைப்பகுதி) தானா வெளிய வீசிக்கிட்டுப் போச்சுன்னா ஸ்விங்கிங். கிரிப், ஸ்டான்ஸ் எல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வெச்சுக்கிட்டு நேரா விஷயத்துக்குப் போறேன் (வலதுகை ஆட்டக்காரருக்கு எழுதுறேன்).

படி 1: கைக்குட்டை முனையில சின்ன கனமா ஏதாவது இறுக்கிக் கட்டி, பெண்டுலம் மாதிரி ஆட்டிப் பாருங்க. முதல் உலகப்போர்ல ஒரு கால இழந்த கோல்ஃப் கோச் எர்னஸ்ட் ஜோன்ஸ், கைக்குட்டையில பேனாக்கத்தியக் கட்டி இதத்தான் சொல்லிக்கொடுத்தார். துணி விறைப்பாவே இருந்தா அது ஸ்விங், நடுவுல தள்ளுனீங்கன்னா உடனே தொய்ஞ்சுடும்.

படி 2: இப்ப ஏழாம் நம்பர் அயர்ன் கிளப்ப எடுங்க, பாதி பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னாடி தூக்குறது) போதும். ஸ்விங்கிங்னா பிடி இடது கையோட கடைசி மூணு விரல்ல இருக்கணும், இறங்கும்போது இடுப்பு முதல்ல திரும்பணும். ஹிட்டிங்னா வலது உள்ளங்கையோட அடிப்பக்கம் இடது கட்டைவிரல் மேல அழுத்துறது தெரியணும், அந்த அழுத்தத்தோடயே தள்ளிக்கிட்டுப் போகணும்.

படி 3: இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க, மெதுவா படிங்க. பேக்ஸ்விங் முடிஞ்சு கிளப் திரும்புற இடம். ஸ்விங் பண்றவங்க அந்த நேரத்துல அவசரப்பட்டு வலது கைய நீட்டிட்டா மணிக்கட்டு மடிப்பு சீக்கிரமே அவிழ்ந்துடும், கிளப்ஹெட் கைய முந்திடும், பந்துக்கு முன்னாடியே தரையத் தட்டும். ஸ்விங்ல வலது கையும் நீளத்தான் செய்யும், ஆனா அது கிளப்போட இழுப்புல தானா நடக்கணும், நீங்களா நீட்டக்கூடாது. ஹிட்டிங்ல பிரச்சனை வேற, மேல இருந்தே முழு பலத்தையும் கொட்டிட்டா பந்துகிட்ட வரும்போது தள்ள எதுவும் மிச்சம் இருக்காது. அதனால மெதுவா ஆரம்பிச்சு பந்தைத் தாண்டியும் தள்ளிக்கிட்டே போங்க.

ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு, இம்பாக்ட்ல (கிளப் பந்தைத் தொடுற நொடியில) இடது மணிக்கட்டு தட்டையா இருக்கணும், கை பந்தை விட இலக்குப் பக்கமா முன்னாடி இருக்கணும், வலது கை கொஞ்சம் மடங்கியே இருக்கணும். கிளப்ஃபேஸ் (பந்தைத் தொடுற முகப்பு) மட்டும் வேற மாதிரி நடந்துக்கும். ஸ்விங்ல நல்லா உருண்டு மூடும், ஹிட்டிங்ல அவ்வளவு உருளாது. ஹிட்டிங் பண்றவங்க அத வலுக்கட்டாயமா உருட்டாதீங்க ப்ளீஸ்.

சாமான்னு பார்த்தா ஹிட்டிங்குக்கு இம்பாக்ட் பேக் (கிளப்பால அடிச்சுப் பழகுற பை), ஸ்விங்கிங்குக்கு மேல சொன்ன கைக்குட்டை, அப்புறம் முன்பக்கம் இருந்து எடுத்த ஃபோன் ஸ்லோமோஷன், அவ்வளவுதான். லாஞ்ச் மானிட்டர் (பந்தோட வேகத்த அளக்குற கருவி) இப்ப வேண்டாம், நம்பரப் பார்த்தாலே வேகத்தக் கூட்டத்தான் மனசு போகும்.

அப்டேட்: இம்பாக்ட் பேக்ல அடிச்சா மணிக்கட்டு வலிக்குதுன்னு சிலர் எழுதியிருந்தீங்க. உள்ள பழைய துணி மட்டும் அடைங்க, மணல் வேண்டாம், பாதி வேகத்துக்கு மேல போகாதீங்க, வலிச்சா நிறுத்திடுங்க.

இன்னொரு அப்டேட்: டிரைவர் கிளப்புல அடிக்கிற நீள ஷாட்டுக்கு ஒரு முறை, சிப்புக்கு (பக்கத்துல இருந்து தட்டுற சின்ன ஷாட்) இன்னொரு முறைன்னு வெச்சுக்கலாமான்னு கேட்டாங்க. தாராளமா வெச்சுக்கலாம், சின்ன சிப்புக்கு எனக்குப் பிடிச்சதே ஹிட்டிங்தான். ஆனா ஒரு ஷாட்டுக்கு எதுன்னு பந்துகிட்ட நிக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, பேக்ஸ்விங் நடுவுல மாத்தாதீங்க.