தலைக்காயமும் மெட்டபாலோமிக்ஸும்: மாதிரி எடுப்பதிலிருந்து முடிவு சொல்வது வரை

தலையில் பலத்த அடி விழுந்த சில நிமிடங்களிலேயே மூளைச் செல்களின் எரிபொருள் கணக்கு குலைந்துவிடும். நரம்புச் செய்தி கடத்தும் குளுட்டமேட் வெள்ளமாக வெளியேறும், மைட்டோகாண்ட்ரியா திணறும், லாக்டேட் ஏறும், செல்சவ்வின் கொழுப்புகள் உடையும். இந்தச் சிறு மூலக்கூறுகளை நூற்றுக்கணக்கில் ஒன்றாக அளப்பதுதான் மெட்டபாலோமிக்ஸ். சிடி ஸ்கேனில் எதுவும் தெரியாத லேசான காயத்தைப் பிடிக்க இது உதவும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே. இருந்தாலும் இன்று இது ஆய்வுக் கருவிதான், சிடி ஸ்கேனுக்கு மாற்று அல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் அனுமதித்த ரத்தப் பரிசோதனைகூட ஜிஎஃப்ஏபி, யுசிஎச்-எல்1 என்ற இரண்டு புரதங்களைத்தான் அளக்கிறது, இந்தச் சிறு மூலக்கூறுகளை அல்ல.

இத்தகைய ஆய்வுகளைக் கெடுப்பது பெரும்பாலும் கருவி அல்ல. யாரோடு ஒப்பிடுகிறோம், ரத்தத்தை எடுத்த முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்ற இரண்டும்தான்.

ஒப்பீட்டுக் குழுவாக ஆரோக்கியமானவர்களை மட்டும் வைக்காதீர்கள். வலி, பட்டினி, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால், ரத்தப்போக்கு எல்லாமே ரத்தத்தின் வேதியியலை மாற்றும். தலையில் அடிபடாமல் கை, கால் எலும்பு முறிந்து வந்தவர்களைச் சேருங்கள். அவர்களிடமிருந்தும் வேறுபட்டுத் தெரிவதைத்தான் மூளைக்காயத்தோடு இணைத்துப் பேச முடியும். ஒவ்வொருவருக்கும் சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ கோமா மதிப்பெண் (13–15 லேசானது, 9–12 நடுத்தரம், 3–8 கடுமையானது), அடிபட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவற்றைக் குறியுங்கள். 2 மணி நேர மாதிரியையும் 20 மணி நேர மாதிரியையும் ஒரே குழுவாகக் கலந்தால் முடிவுக்கு அர்த்தமே இருக்காது.

ரத்தம் எடுக்க எல்லோருக்கும் ஒரே வகைக் குழாய், முடிந்தால் ஒரே தொகுப்பு எண். மூலக்கூறுகளை நிறை வைத்துப் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் எடுத்த பிளாஸ்மா (அணுக்கள் நீக்கிய ரத்தத் திரவம்) ஒத்துவரும். காந்தப்புலத்தில் அணுக்கருக்களின் சமிக்ஞையை அளக்கும் என்எம்ஆருக்கு இன்னொரு உறைவுத் தடுப்பியான ஹெப்பாரின் நல்லது, ஏனென்றால் இடிடிஏவின் சொந்தச் சமிக்ஞைகள் நிறமாலையில் குறுக்கிடும். சிட்ரேட் குழாயில் எடுத்தால் நோயாளியின் சிட்ரேட்டை மறந்துவிட வேண்டியதுதான். குழாயை உடனே பனிக்கட்டி நீரில் வைத்து, 30 நிமிடத்துக்குள் 4 டிகிரி செல்சியஸில் 2,000 ஜி (புவியீர்ப்பின் 2,000 மடங்கு) விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். அறை வெப்பத்தில் விட்டால் ரத்த அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டை உமிழும். அதைப் பார்த்து மூளையின் ஆற்றல் நெருக்கடி என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. சிவப்பணு உடைந்து பிளாஸ்மா இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த மாதிரியை ஒதுக்குங்கள். வெளிவரும் ஆர்ஜினேஸ் என்ற நொதி, ஆர்ஜினினைக் குறைத்து ஆர்னித்தினை ஏற்றிவிடும். நல்ல பிளாஸ்மாவை 100 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு பங்கை ஒரு முறைதான் உருக்க வேண்டும்.

பிரித்தெடுப்பு எளிது. ஐசோடோப்பு குறியிட்ட, அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருட்கள் (உள் தரப்பொருட்கள்) கலந்த குளிர் மெத்தனால் 400 மைக்ரோலிட்டரை ஒரு பங்கில் சேர்த்துக் கலக்கி, மைனஸ் 20 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, 14,000 ஜியில் 15 நிமிடம் சுழற்றி, மேல் திரவத்தை எடுங்கள். அமினோ அமிலம் போன்ற நீர்விரும்பிகளுக்கு ஹிலிக் வகைப் பிரிப்புக் குழாய் (column), கொழுப்புகளுக்கு சி18 வகை. நோயாளி மாதிரிகளையும் ஒப்பீட்டு மாதிரிகளையும் கலைத்துப்போட்டு ஓட்டுங்கள். எல்லா மாதிரிகளிலும் சிறிது எடுத்துக் கலந்த தரக்கட்டுப்பாட்டு மாதிரியை ஒவ்வொரு 8 முதல் 10 மாதிரிக்கு ஒருமுறை செலுத்துங்கள். அதில் 30 சதவீதத்துக்கு மேல் ஊசலாடும் சமிக்ஞைகளை நீக்கிவிடுங்கள்.

அடுத்து மருந்துகள். கடுமையான காயக்காரருக்கு மூளை அழுத்தத்தைக் குறைக்க மானிட்டால் ஏற்றியிருப்பார்கள். அதற்கும் சார்பிட்டாலுக்கும் நிறை ஒன்றே என்பதால் தவறாக அடையாளம் காண்பது சுலபம். புரோபோஃபோல் கொழுப்புக் குழம்பாகவே உடலுக்குள் போகிறது, அதனால் கொழுப்பு அளவுகள் கலையும். ரிங்கர் லாக்டேட் சொட்டு ஏறியவரின் லாக்டேட் எதைக் காட்டுகிறது என்று சொல்லவே முடியாது. சிகிச்சை தொடங்கும் முன்பே முதல் மாதிரியை எடுப்பது சிறந்த வழி. முடியாவிட்டால் கொடுத்த மருந்து, அளவு, நேரத்தைப் பதிந்து பகுப்பாய்வில் சேருங்கள்.

தீவிர சிகிச்சையில் மூளைத் திசுவையே நேரடியாக அளக்க, மூளைக்குள் செருகும் மைக்ரோடயாலிசிஸ் என்ற மெல்லிய குழாய் உண்டு. அதில் திரவம் ஓடும் நிமிடத்துக்கு 0.3 மைக்ரோலிட்டர் வேகத்தில் மணிக்கு 18 மைக்ரோலிட்டர்தான் கிடைக்கும். செருகிய காயத்தின் தாக்கம் இருப்பதால் முதல் மணி நேரத்தைத் தவிர்க்க வேண்டும். லாக்டேட்–பைருவேட் விகிதம் 25-ஐத் தாண்டினால் கவனம் தேவை. அப்போது பைருவேட்டும் குறைந்திருந்தால் ரத்த ஓட்டக் குறைவைச் சந்தேகியுங்கள். பைருவேட் இயல்பாக இருந்தால் மைட்டோகாண்ட்ரியாக் கோளாறை.

புள்ளியியலில், கையிலுள்ள தரவின் தற்செயல் வேறுபாட்டையும் விதியாக எடுத்துக்கொள்ளும் மிகைப்பொருத்தம்தான் பெரிய பொறி. 40 பேரிடம் 2,000 சமிக்ஞைகள் அளந்தால் பிஎல்எஸ்-டிஏ என்ற புள்ளியியல் முறை எந்த இரு குழுவையும் அழகாகப் பிரித்துக்காட்டும். குழுப் பெயர்களை 1,000 முறை கலைத்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள். காயத்தைக் காட்டும் சேர்மங்களின் (குறிகாட்டிகளின்) தேர்வை, தரவின் ஒரு பகுதியை ஒதுக்கிச் சோதிக்கும் குறுக்குச் சரிபார்ப்பின் ஒவ்வொரு சுற்றுக்குள்ளேயே செய்யுங்கள், வெளியே முன்கூட்டித் தேர்ந்தெடுத்தால் துல்லியம் பொய்யாக உயரும். மிஞ்சும் சேர்மங்களை அசல் தரப்பொருளோடு, பிரிப்புக் குழாயிலிருந்து வெளிவரும் நேரமும் துணுக்கு நிறமாலையும் ஒப்பிட்டு உறுதிசெய்து, அளவீட்டுக் கோடு போட்டு மைக்ரோமோலாரில் அளந்து, வேறொரு மருத்துவமனையின் நோயாளிகளிடம் சோதியுங்கள். அங்கே காயத்தைக் காட்டாத குறிகாட்டியை நோயறிதலுக்கு முன்மொழியக் கூடாது.