எடையைக் குறைக்கச் சர்க்கரையை நிறுத்தணுமா? வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை குறைய வேண்டுமென்றால் சர்க்கரையைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் "சர்க்கரையை விட்டால் போதும், தொப்பை தானாகக் கரையும்" என்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கிராம் சர்க்கரையில் சுமார் 4 கலோரி. சோற்றில் உள்ள மாவுச்சத்திலும் கிராமுக்கு அதே 4 தான். எண்ணெயில் 9.

2013ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் இதைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வந்தது. தங்கள் விருப்பப்படி சாப்பிடுகிற பெரியவர்கள் சர்க்கரையைக் குறைத்தபோது எடை சராசரியாக 0.8 கிலோ குறைந்திருந்தது. சர்க்கரையை எடுத்துவிட்டு அதே கலோரிக்கு வேறு மாவுச்சத்தைக் கொடுத்தபோது எடையில் மாற்றமே இல்லை. அதாவது, குறைத்த கலோரியை வேறு வழியில் திருப்பிச் சாப்பிடாதவரைக்கும்தான் பலன்.

அப்படியானால் சர்க்கரையை ஏன் முதலில் பிடிக்கணும்? வயிறு நிறையாமலே உள்ளே போகிற கலோரி அது. நாலு இட்லி சாப்பிட்டால் போதும் என்று வயிறு சொல்லும். ஒரு டம்ளர் ரோஸ் மில்க் குடித்தவர் அதற்காக ஒரு இட்லியைக் குறைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மருந்து அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம்.

படி 1: உங்கள் ஸ்பூனை அளந்து பாருங்கள்

"நான் ஒரு ஸ்பூன்தான் போடறேன்" என்று சொல்லாதவர் யாருமில்லை. எந்த ஸ்பூன்? தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம், அதாவது 16 கலோரி. நம் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் கிடக்கும் ஸ்பூன் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. அதையும் குவித்துத்தான் எடுப்போம். அப்படி எடுத்தால் ஒரு ஸ்பூனே 7, 8 கிராம் வந்துவிடும்.

சமையலறைத் தராசு இருந்தால் நீங்கள் வழக்கமாக எடுக்கிற மாதிரியே பத்து ஸ்பூன் போட்டு எடை பார்த்து, பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். தராசு இல்லையென்றாலும் வழி உண்டு. அரைக் கிலோ சர்க்கரை வாங்கி, உங்களுக்கு மட்டும் தனி டப்பாவில் போட்டு, மூடியில் தேதி எழுதி வையுங்கள். வீட்டில் நீங்கள் குடிக்கும் காபி, டீ, பால் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே எடுங்கள். பத்து நாளில் டப்பா காலியானால் ஒரு நாளைக்கு 50 கிராம். இருபது நாள் வந்தால் 25 கிராம்.

இந்த இரண்டு எண்களை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் கலோரி, மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றது. நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், 25 கிராம். டப்பாக் கணக்கில் வெளியே சாப்பிடுவது சேரவில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

படி 2: கணக்கை எடைக்கு மாற்றுங்கள்

தினமும் மூன்று டீ, ஒவ்வொன்றிலும் குவித்த இரண்டு ஸ்பூன் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பூனுக்கு 7 கிராம் என்றால் நாளைக்கு 42 கிராம், ஏறக்குறைய 170 கலோரி. மாதத்துக்கு 5000 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்று பொதுவாகச் சொல்லும் கணக்கில் பார்த்தால் மாதம் 650 கிராம் போலக் குறையணும். நிஜத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், உடம்பும் செலவைச் சுருக்கிக்கொள்ளும். இருந்தாலும் டீயில் மட்டும் கைவைத்துக் கிடைப்பது இது.

சரி, இப்போது மறுபக்கம். சர்க்கரை இல்லாத டீயோடு "பரவாயில்லை, இனிப்பு இல்லையே" என்று ஒரு கைப்பிடி மிக்சர் தின்றால்? 30 கிராம் மிக்சரில் சுமார் 160 கலோரி. மூன்று டீயிலும் மிச்சம் பிடித்தது அங்கேயே போச்சு. சர்க்கரையை விட்டும் எடை இறங்கவில்லை என்று புலம்புபவர்கள் பலரிடம் நான் முதலில் கேட்பது சாயங்கால நொறுக்குத் தீனியைப் பற்றித்தான்.

படி 3: குடிக்கிற இனிப்பை முதலில் நிறுத்துங்கள்

கோலா வகைகளில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. 330 மில்லி டின் ஒன்றிலேயே 35 கிராம் போய்விடும். இதைக் குறைப்பதா நிறுத்துவதா என்று யோசிக்கவே வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.

ஜூஸ் கடையில் "சர்க்கரை வேண்டாம், ஐஸ் வேண்டாம்" என்று சொல்வது நல்ல பழக்கம்தான். ஆனால் நாலு சாத்துக்குடியைப் பிழிந்தால் நாலு பழத்தின் இனிப்பும் ஒரே டம்ளரில் வந்துவிடும், சக்கை குப்பைக்குப் போய்விடும். அதே பழத்தை உரித்துச் சாப்பிடப் பார்த்தால் இரண்டோடு நிறுத்திவிடுவோம். முழுப் பழத்துக்கு மேலே சொன்ன வரம்பு பொருந்தாது. பாலில் இயல்பாக இருக்கும் இனிப்புக்கும் அப்படியே.

படி 4: டீ, காபியைப் படிப்படியாக

ஒரே நாளில் விட்டால் மூன்றாம் நாள் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். குவித்த ஸ்பூனை முதல் வாரம் தலைதட்டி எடுங்கள். அப்புறம் ஒன்றரை, ஒன்று, அரை என்று இறக்குங்கள். ஒவ்வொரு அளவிலும் ஒரு வாரமோ பத்து நாளோ இருங்கள். நாக்கு பழகிவிடும். பிறகு பழைய அளவில் யாராவது போட்டுக் கொடுத்தால் பாயசம் மாதிரி இருக்கும்.

ஃபில்டர் காபிக்காரர்களுக்கு ஒரு யோசனை: சர்க்கரையைக் குறைக்கும்போது டிகாஷனையும் கொஞ்சம் குறையுங்கள். கசப்பு அதிகமாக இருந்தால் கை தானாக டப்பாவைத் தேடும்.

டீக்கடையில்தான் சிக்கல். பெரும்பாலான கடைகளில் மாஸ்டர் கிளாஸில் முதலில் போடுவதே சர்க்கரையைத்தான். அதன்மேல் பால், டிகாஷன், பிறகு ஓர் ஆற்று. கிளாஸ் கைக்கு வந்தபின் "சர்க்கரை கம்மி" என்று சொல்லிப் பயனில்லை. சொல்லும்போதே "மாஸ்டர், ஒரு டீ, சர்க்கரை தனியா" என்று கேளுங்கள். வருவதில் பாதியைப் போட்டுக் கலக்குங்கள், மீதிச் சர்க்கரையை அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 5: நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டேன் என்பவர்களுக்கு

மாறுங்கள், ருசி நன்றாக இருக்கும். எடைக்கு அதில் லாபம் இல்லை. வெல்லம் 100 கிராமில் சுமார் 380 கலோரி, வெள்ளைச் சர்க்கரையில் 390க்கு மேல். கருப்பட்டியும் இதே ஊர்க்காரர்தான். அதில் உள்ள கொஞ்சம் தாதுச்சத்து ஒரு ஸ்பூனில் எவ்வளவு வந்துவிடும்? தேன் இன்னும் வேடிக்கை. ஒரு டீஸ்பூன் தேன் 7 கிராம், 20 கலோரிக்கு மேல். தலைதட்டிய சர்க்கரை ஸ்பூனைவிட அதிகம். வெந்நீரில் தேன் விட்டு வெறும் வயிற்றில் குடிப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

சர்க்கரைக்குப் பதிலாக டீயில் போடும் இனிப்பு மாத்திரைகள்? எடைக் கட்டுப்பாட்டுக்கு அவற்றை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சொன்னது.

படி 6: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்தில் எழுதியிருப்பது விளம்பரம், பின்பக்கம்தான் தகவல். சத்து அட்டவணையில் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்று இரண்டு வரி இருக்கும். சேர்த்த சர்க்கரையைப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள் முதலில் வரும். சர்க்கரை இரண்டாவது மூன்றாவது இடத்தில் இருந்தால் அது இனிப்புப் பண்டம்தான், மேலே கோதுமைக் கதிர் படம் போட்டிருந்தாலும். லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்று வேறு பெயர்களிலும் சர்க்கரை வரும்.

பாலில் கலக்கும் மால்ட் பொடிகளையும் இப்படியே பாருங்கள். போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை "ஹெல்த் டிரிங்க்ஸ்" பிரிவிலிருந்து எடுக்கும்படி 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களிடம் சொல்லியிருக்கிறது.

படி 7: எடை பார்ப்பது

வாரம் ஒரு நாள், காலையில் கழிவறை போய்வந்த பிறகு, ஒன்றும் சாப்பிடாமல். முதல் வாரத்தில் சட்டென்று ஒரு கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம், மாவுச்சத்து குறையும்போது அதோடு உடம்பில் தங்கியிருந்த தண்ணீரும் வெளியேறும். இடுப்புச் சுற்றளவையும் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மாதம் கழித்தும் எடை அசையவில்லை என்றால், டீயில் மிச்சமிருக்கும் அரை ஸ்பூனோடு சண்டை போடாதீர்கள். அது 8 கலோரி. தாளிக்கும் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள், ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. அப்புறம் மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பொரியலைக் கூடுதலாக வையுங்கள்.