இஸ்ரேலுக்குப் படிக்கப் போகிறீர்களா? டிக்கெட் போடும் முன் யூதப் பண்டிகைகளைப் பாருங்கள்

இஸ்ரேல் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில்தான் போய் இறங்குகிறார்கள். யூதர்களின் பெரிய பண்டிகைகள் அடுக்கடுக்காக வருவதும் அப்போதுதான். தேதி பார்க்காமல் கிளம்பினால் சாப்பாடு, பஸ், கையெழுத்து எல்லாமே மாட்டிக்கொள்ளும்.

படி 1: நாள்காட்டியைப் போனில் ஏற்றுங்கள்

யூத மாதங்கள் பிறையை ஒட்டியவை. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருவதுபோல, இதிலும் 19 ஆண்டுகளுக்கு 7 முறை கூடுதல் மாதம் சேரும். அதனால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். போன வருடத் தேதியை நம்ப வேண்டாம். ஹெப்கால் தளத்தில் அட்டவணையை எடுக்கும்போது ‘இஸ்ரேல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டு யூதர்களுக்கான அட்டவணையை எடுத்தால் சில பண்டிகைகளுக்கு ஒரு நாள் கூடுதலாகக் காட்டும்.

இன்னொன்று முக்கியம். யூத நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். 21ஆம் தேதி பண்டிகை என்றால் 20ஆம் தேதி மதியமே கடைகள் மூடத் தொடங்கும்.

2026இல் ரோஷ் ஹஷானா (புத்தாண்டு) செப்டம்பர் 12, 13. யோம் கிப்பூர் (பாவ மன்னிப்பு நாள்) செப்டம்பர் 21. சுக்கோத் செப்டம்பர் 26இல் தொடங்கும். அதை ஒட்டி வரும் சிம்ஹாத் தோரா (தோரா என்ற வேதத்தைக் கொண்டாடும் நாள்) அக்டோபர் 3. தமிழ் விவிலியத்தில் கூடாரப் பண்டிகை என்று படித்திருப்பீர்களே, அதுதான் சுக்கோத். பால்கனியிலும் முற்றத்திலும் கீற்று வேய்ந்த பந்தல் போட்டு அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

படி 2: காகித வேலையை ஆகஸ்டிலேயே முடியுங்கள்

அங்கே வேலை வாரம் ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளிக்கிழமை அனுப்பும் மின்னஞ்சலுக்கு ஞாயிறன்றுதான் பதில் வரும். சுக்கோத் வாரத்தில் பல அலுவலகங்கள் பாதி மூடியே இருக்கும். 2026இல் செப்டம்பர் 12 முதல் அக்டோபர் 3 வரை உள்ள 22 நாட்களில் முழு வேலை நாட்கள் என்று நம்பக்கூடியவை ஏழுதான்: 14 முதல் 17 வரை, 22 முதல் 24 வரை. இந்த நாட்களில் எதைக் கேட்டாலும் ‘அஹரேய் ஹஹகிம்’ என்பார்கள். பண்டிகைகள் முடியட்டும் என்று அர்த்தம். யாரும் தட்டிக்கழிக்கவில்லை, நடைமுறையே அதுதான். மாணவர் விசா (ஏ/2), விடுதி ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றையும் ஆகஸ்டுக்குள் கையில் வாங்கிவிடுங்கள். பெங்களூருவிலுள்ள இஸ்ரேலியத் துணைத் தூதரகமும் பண்டிகை நாட்களில் மூடும்.

படி 3: இறங்கும் நாள்

சாதாரண வாரத்தில் திங்கள் அல்லது செவ்வாய் காலை இறங்குவது நல்லது. வெள்ளி மாலை முதல் சனி இரவுவரை யூதர்களின் ஓய்வு நாள் (சப்பாத்). அதனால் வெள்ளி மதியத்துக்கு மேல் இறங்கினால் ரயில் கிடையாது. பஸ்ஸும் பெரும்பாலான ஊர்களில் சனி இரவுவரை ஓடாது. ஷேர் டாக்ஸியோ தனி டாக்ஸியோதான் வழி. யோம் கிப்பூர் அன்று பென் குரியன் விமான நிலையமே மூடியிருக்கும். முதல் நாள் மதியத்திலிருந்தே விமானங்கள் நின்றுவிடும். கைப்பையில் இரண்டு வேளைக்கான அவல், ரெடிமேட் உப்புமா மாதிரி ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: யோம் கிப்பூர்

சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம். நீங்கள் விரதம் இருக்க வேண்டியதில்லை, ஆனால் வெளியில் நின்று சாப்பிடாதீர்கள். வண்டி ஓட்ட வேண்டாம். அன்று நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் விடுவார்கள். அந்த நிசப்தத்தை வேறெந்த நாளிலும் கேட்க முடியாது.

படி 5: விருந்துக்கு அழைத்தால்

ரோஷ் ஹஷானா இரவில் ஆப்பிளைத் தேனில் தொட்டுக் கொடுப்பார்கள். ‘ஷனா தோவா’ என்று வாழ்த்துங்கள். வீட்டில் சுட்ட முறுக்கைக் கொண்டு போகாதீர்கள். உங்கள் அடுப்பு கோஷர் (யூத உணவு விதிப்படி இருப்பது) அல்ல என்பதால், அந்த விதியைப் பார்ப்பவர்களால் ஆசைப்பட்டாலும் சாப்பிட முடியாது. கோஷர் முத்திரையுள்ள, பிரிக்காத உலர்பழப் பொட்டலம் போதும். வீட்டுக்குள் விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள். பண்டிகை நாளில் மத விதிப்படி சுவிட்ச் போடவோ அணைக்கவோ மாட்டார்கள் என்பதால் அப்படியே விட்டிருப்பார்கள்; பழக்கதோஷத்தில் குளியலறை விளக்கை அணைத்துவிட்டால் இரவெல்லாம் இருட்டுதான்.

படி 6: சமையலறை

கோஷர் விதியில் இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது. விடுதியில் கோஷர் பார்க்கும் நண்பர் இருந்தால் முதல் நாளே கேளுங்கள்: எது இறைச்சிப் பாத்திரம், எது பால் பாத்திரம்? வழக்கமாக இறைச்சிப் பாத்திரத்துக்குச் சிவப்பு அடையாளம், பால் பாத்திரத்துக்கு நீலம். சிவப்பு அடையாளம் ஒட்டிய சட்டியில் நெய் விட்டுத் தாளித்தால் அவர் அதை மறுபடி பயன்படுத்துவது சிக்கலாகிவிடும். உங்களுக்கென்று ஒரு குக்கர், ஒரு வாணலி, ஒரு கரண்டி தனியாக வாங்கிவிடுங்கள். சண்டையே வராது.

பெசாக் (பாஸ்கா) வரும்போது இன்னும் கவனம் வேண்டும். 2027இல் ஏப்ரல் 21 மாலை தொடங்கி 7 நாள். கோதுமை, பார்லி, ஓட்ஸ் முதலான ஐந்து தானியங்களில் புளித்ததோ, புளிக்கக்கூடியதோ வீட்டில் இருக்கக் கூடாது. சூப்பர் மார்க்கெட்டிலும் அந்த அலமாரிகளைத் துணியோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடிவிடுவார்கள். அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத) வழியினர் பலர் அரிசி, பருப்பும் தொடமாட்டார்கள். செஃபார்டி (ஸ்பெயின், போர்ச்சுகல் யூத) வழியினரில் பலர் அரிசி சாப்பிடுவார்கள். அதனால் நண்பரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரவை, மைதா, சேமியா என்றால் நமக்கே தெரியும். மாட்டிக்கொள்வது பெருங்காயத்தில்தான். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். அது சேர்ந்த சாம்பார் பொடியும் அப்படித்தான். ஊரிலிருந்து கட்டும்போதே டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோதுமை இருந்தால் பெசாக்குக்கு இரண்டு நாள் முன்பே பையில் போட்டு டேப் ஒட்டி, பொதுச் சமையலறையிலிருந்து உங்கள் அறைக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள்.