ரீயூனியனில் பழைய கார் வாங்குபவர்களுக்கு: ஹெட்லைட்டை ஊரிலிருந்து வரவழைக்காதீர்கள்

புதுவையிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குக் குடிவருகிறவர்கள், வீடும் பிள்ளைகளின் பள்ளியும் அமைந்ததும் அடுத்துத் தேடுவது ஒரு பழைய காரைத்தான். மலைப்பக்கம் வீடு கிடைத்துவிட்டால் கார் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. கார் வாங்குவது பெரிய விஷயமில்லை. கோந்த்ரோல் தெக்னிக் என்கிற வண்டிச் சோதனைதான் நம் ஆட்களுக்குப் பழக்கமில்லாதது. ஊரில் சொந்தக் காருக்கு 15 வருஷம் கழித்துத்தான் எஃப்.சி. என்ற பேச்சே வரும். அதையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். இங்கே அந்த வழி கிடையாது.

சட்டம் பிரான்சில் உள்ளதுதான். வண்டி முதலில் பதிவான தேதியிலிருந்து 4 வருஷம் முடியும் முன்பு முதல் சோதனை, அப்புறம் 2 வருஷத்துக்கு ஒரு தடவை. 4 வருஷத்துக்கு மேற்பட்ட காரை விற்பவர், 6 மாதத்துக்கு உட்பட்ட சோதனை அறிக்கையைக் கையில் கொடுத்தாக வேண்டும். வாங்கியவர் ஒரு மாதத்துக்குள் கார்த் கிரீஸ் என்கிற வண்டிப் பதிவுச் சான்றைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். சோதனை இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 135 யூரோ அபராதம். 2018 மே மாதத்திலிருந்து குறைகளைச் சிறியது, பெரியது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். சிறியதற்கு மறுபடி போக வேண்டியதில்லை. பெரிய குறை என்றால் 2 மாதத்துக்குள் சரிசெய்து கோந்த்ர விசித் என்னும் மறுசோதனைக்குப் போக வேண்டும். ஆபத்தானது என்று எழுதிவிட்டால் அன்று நள்ளிரவோடு வண்டியை நிறுத்திவிட வேண்டியதுதான். சோதனை செய்கிற இடத்தில் ரிப்பேர் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. ஒரு ஸ்குரூவைத் திருப்பிவிடச் சொல்லிக் கெஞ்சினாலும் நடக்காது.

விற்பவர் காட்டும் அறிக்கையில் மறுசோதனை பாக்கி இருந்தாலும் அந்தக் காரை விற்க அனுமதி உண்டு. அறிக்கை 2 மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் போதும். அந்த 2 மாதம் நீங்கள் காசு கொடுத்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. விற்றவர் சோதனைக்குப் போன நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, "ஹெட்லைட் ஒன்றுதான் பாக்கி" என்று யாராவது சொன்னால் முதலில் அறிக்கையின் தேதியைப் பாருங்கள்.

என் நண்பன் வாங்கிய கார் இப்படிப்பட்டதுதான். பழைய ஹூண்டாய் ஐ10. அந்த முதல் தலைமுறை ஐ10 ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய வண்டி. இங்கே சென் பியேர் நகர வீதியில் அதைப் பார்க்கும்போது எனக்கே இப்போதும் மனசு நிறையும், நம் ஊர்க்காரன் கை பட்ட வண்டி இது என்று. இடது ஹெட்லைட்டின் கண்ணாடி உடைந்திருந்தது. அறிக்கையில் பெரிய குறை என்று பதிவாகியிருந்தது. புது ஹெட்லைட்டுக்கு இங்கே சொன்ன விலையைக் கேட்டதும் அவன் மச்சானுக்குப் போன் போட்டான். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காத சாமானா? மச்சான் லீவில் வரும்போது புது ஹெட்லைட்டைக் கைலியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அவர் வருவதற்காகக் காத்திருந்ததிலேயே கெடுவில் பெரும்பகுதி போய்விட்டது.

ஹெட்லைட் அச்சாகப் பொருந்தியது. போல்ட் துளை, ஒயர் சாக்கெட், வளைவு எல்லாம் ஒன்றே. பளிச்சென்று எரிந்தது. மறுசோதனையில் தோற்றது. டிம் லைட்டின் திசை சரியில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

காரணத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதற்காகத்தான் இதை எழுதுகிறேன். டிம் போட்டுச் சுவருக்கு எதிரே காரை நிறுத்தினால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு ஒரு கோடு போலத் தெரியும். அந்தக் கோடு முழுக்க மட்டமாக இருக்காது. ஒரு பாதி மட்டமாக நிற்கும், மறுபாதி மேலே ஏறும். மட்டமான பாதி எதிரே வருபவர் பக்கம், அவர் கண் கூசாமல் இருப்பதற்காக. ஏறுகிற பாதி ரோட்டோரம், நடந்து போகிறவரும் பலகையும் தெரிவதற்காக. இந்தியாவில் நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் அங்கே விற்கும் ஹெட்லைட்டில் வெளிச்சம் இடப்பக்கம் ஏறும். ரீயூனியனில் வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே வலப்பக்கம் ஏற வேண்டும். ஊர் ஹெட்லைட்டை இங்கே மாட்டினால் அது எதிரே வருபவரின் கண்ணில் நேராக அடிக்கிறது. வலது காலுக்கு இடது செருப்பைப் போட்டது மாதிரி, அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் அது தப்புதான். இருங்காட்டுக்கோட்டையில் ஐரோப்பாவுக்கு என்று கட்டிய வண்டிகளுக்கு வேறு ஹெட்லைட் போட்டுத்தான் அனுப்பினார்கள்.

இதில் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. தோற்றுவிட்டு வந்த வண்டியை நண்பன் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனான். அட்ஜஸ்ட் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் ஸ்குரூவைத் திருப்பினால் வெளிச்சம் மேலே கீழே போகும், பக்கவாட்டில் நகரும். எந்தப் பாதி ஏற வேண்டும் என்பது ஹெட்லைட்டின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. அதை எந்த ஸ்குரூவும் மாற்றாது. தொழில் தெரிந்தவனுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. மறுபடி போனான், மறுபடி அதே பதில். அதற்குள் கெடு முடிந்தது. கெடு தாண்டினால் மறுசோதனை செல்லாது. பிரேக், டயர், புகை என்று முழுச் சோதனையையும் முழுக் கட்டணம் கொடுத்து முதலிலிருந்து செய்ய வேண்டும். புது ஹெட்லைட்டையே வாங்கியிருக்கலாம் என்கிற அளவுக்குச் செலவு வந்து நின்றது.

கடைசியில் வழி காட்டியவர் சென் அந்த்ரே பக்கம் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒரு பெரியவர். அவருடைய முன்னோர்கள் 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் கூட்டிவரப்பட்டவர்கள். அவருக்கு வணக்கம் தவிர வேறு தமிழ் வராது, இந்தத் தீவு மக்களின் கிரேயோல் மொழிதான் பேசுவார். நாங்கள் போனபோது தீமிதிக்கு விரதம் இருந்துகொண்டிருந்தார். ஆறு தலைமுறையாக மொழி போனாலும் விரதம் போகவில்லையே என்று எனக்கு அங்கே நிற்கும்போதே தொண்டை அடைத்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர் நண்பனின் ஹெட்லைட்டை வாங்கி, கண்ணாடியில் பொடியாக அச்சடித்திருந்த ஓர் அம்புக்குறியை விரலால் தொட்டுக் காட்டினார்.

ஐரோப்பிய முறைப்படி அங்கீகாரம் பெற்ற ஹெட்லைட்டில் வட்டத்துக்குள் ஈ (E) என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஈ2 என்றால் பிரான்ஸ், ஈ11 என்றால் இங்கிலாந்து, அதாவது அங்கீகாரம் கொடுத்த நாடு. அதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அதன் அருகே அம்புக்குறி இருக்கிறதா என்று தேடுங்கள். ஹெட்லைட்டை எதிரே நின்று பார்க்கும்போது உங்கள் வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால் அது இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு மட்டும் உரியது, தொடாதீர்கள். அம்பே இல்லை என்றால் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது, நமக்கு ஏற்றது. இரண்டு முனையிலும் கூர் உள்ள அம்பு என்றால் இரண்டு வகைக்கும் பொருந்தும், ஆனால் இந்த ஊருக்குத் தகுந்தபடி அதைத் திருப்பி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வட்டமும் ஈயும் இல்லாத இந்தியச் சந்தைப் பொருளை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இந்தியா மட்டும் இல்லை. பக்கத்திலிருக்கும் மொரீஷியஸிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். வார இறுதியில் அங்கே போகிறவரிடம் சொல்லி அனுப்பாதீர்கள். லண்டன் சித்தப்பா அனுப்புவதும் அதே கதைதான். பாரீஸ் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பினால் திசை சரியாக இருக்கும். ஆனால் பிரான்சிலிருந்தே வந்தாலும் பார்சலுக்கு இந்தத் தீவில் ஒக்த்ருவா த மேர் என்கிற வரி விழலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் முன்பு உள்ளூரிலேயே தேடுங்கள். 2017-லிருந்து பழைய வண்டியிலிருந்து எடுத்த உதிரிபாகத்தையும் போட்டுக்கொள்ளலாம் என்று கராஜ்காரர் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஹெட்லைட்டும் அதில் அடக்கம். அவர் வாய் திறக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். நண்பனுக்குக் கடைசியில் ஹெட்லைட் கிடைத்தது அந்தப் பெரியவரின் யார்டில்தான், இந்தத் தீவிலேயே ஓடிய இன்னோர் ஐ10-இலிருந்து.

சோதனைக்கு முன்னால் வேறு சிலவும் பாருங்கள். இங்கத்திய வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் மஞ்சளாகி மங்கிவிடும். லேசாக மங்கியதை பாலிஷ் போட்டே தெளிய வைக்கலாம். ஹாலோஜனுக்குச் செய்த ஹெட்லைட்டுக்குள் எல்இடி பல்பைச் சொருகாதீர்கள், பொருந்தாத பல்ப் என்று எழுதிவிடுவார்கள். ஸ்டீயரிங் பக்கத்தில் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் சிறு சக்கரம் இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் அரிசி மூட்டையோடு போகாதீர்கள், பின்பக்கம் தாழ்ந்தால் வெளிச்சம் மேலே தூக்கும். முந்தின இரவு ஒரு சுவருக்கு எதிரே வண்டியை மட்டமாக நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். இரண்டு ஹெட்லைட்டிலும் கோடு வலப்பக்கம்தான் ஏற வேண்டும்.

சோதனையில் தேறுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சிலாவோஸ் மலைப்பாதையில் 400-க்கு மேல் வளைவுகள் உண்டு என்பார்கள். இரவில் அந்த வளைவு ஒன்றில் எதிரே வருபவருக்கு உங்கள் வெளிச்சத்தால் கண் கூசினால் அவர் ஒதுங்க ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

மறுசோதனைக்குப் போகும்போது முதல் அறிக்கையையும் கார்த் கிரீஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்த குறை சம்பந்தப்பட்டதை மட்டும்தான் பார்ப்பார்கள். 2 மாதக் கெடுவின் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாமல் முன்பே நேரம் வாங்கிவிடுங்கள்.